அப்பாவோட நோட்டும் தவிலுக்கு நடுவுல வந்த டொர்ரும்

முதல்லயே ஒத்துக்கிறேன், தப்பு என்னோடதுதான். ஒரு மாசத்துக்கு மேல கோத்தகிரி ஈரத்தைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன், ஹெட்போன் ஜாக்கைத் திட்டினேன், காசு செலவு பண்ணி புதுசு புதுசா சாமான் வாங்கினேன், கடைசியில பாத்தா நாலு வருசத்துக்கு முன்னாடி நானே ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல எழுதின மூணு வரி புரோகிராம் கோடு. இதை எழுதி வைக்கலைன்னா இன்னொரு தடவையும் இதையே பண்ணுவேன், அதுக்குத்தான் இந்தப் போஸ்ட்.

விசயம் இதான். கோயமுத்தூர்ல வேலை பாத்துட்டு இருந்தப்ப ரூம்ல பொழுது போகாம ஒரு மியூசிக் பிளேயர் எழுதினேன். சி லாங்குவேஜ்ல, ஸ்கிரீனெல்லாம் பெருசா ஒண்ணும் கிடையாது, பைலைக் குடுத்தா பாடும், அவ்வளவுதான். வீட்டுல அதுக்குப் பேரு பொட்டி. லாக்டவுன்ல மேல வந்தவன் திரும்பக் கீழ போகவே இல்ல, அரவேனு பக்கம் எங்க வீட்டுலயே உக்காந்து ஆபீஸ் வேலை பாத்துட்டு இருக்கேன், அப்பத்தான் அந்தப் பொட்டியை ஒரு ராஸ்பெர்ரி பை 3ல (குட்டிக் கம்ப்யூட்டர், இனி பைன்னே சொல்றேன்) ஏத்தி, ஹால்ல டிவி பக்கத்துல இருந்த பழைய ஆம்ப்ல சொருகி, அப்பாவுக்குக் குடுத்தேன். ஒரு நம்பர் பேட் கீபோர்டு மட்டும் வச்சிருக்கேன். 1 அமுக்கினா முதல் கேசட், 2 அமுக்கினா ரெண்டாவது, அப்படியே போகும்.

கேசட்டுன்னு சொன்னேன்ல, அது சினிமாப் பாட்டு கேசட் இல்ல. அப்பா எஸ்டேட்ல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. எண்பதுகள்ல ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி, வருசா வருசம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குக் கீழ இருந்து வர்ற நாதஸ்வர செட்டை அவரே உக்காந்து ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காரு. மைக்குன்னு தனியா கிடையாது, டேப் ரெக்கார்டர்லயே இருக்கற குட்டி மைக்தான், அதையும் கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் மேல வச்சுட்டு அவரு வேலையைப் பாக்கப் போயிடுவாரு. அதனால நாதஸ்வரம் தூரத்துல கேக்கும், நடுவுல யாரோ ஒரு குழந்தை அழும், யாரோ "ஏய் அந்தப் பக்கம் போகாத"ம்பாங்க, தவில் மட்டும் சுளீர் சுளீர்னு அடிக்கும். நாப்பது கேசட் இருந்துச்சு, எடுத்துப் பாத்தப்ப பாதிக்கு மேல வெள்ளையா பூசணம். துடைச்சு, வெயில் வந்த அன்னைக்கு உலர்த்தி, ஒரு டெக்ல போட்டு, நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 16 பிட்னு (அந்தக் கணத்துல ஒலி எவ்வளவு உயரம்னு அளந்து எழுதற எண்தான் சாம்பிள்) கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தி முடிக்க எனக்கு ஒரு மார்ச் மாசம் முழுசாப் போச்சு. தவில் அடிச்சா மீட்டர் செவப்புக்குப் போயிடக் கூடாதுன்னு லெவலைக் கொஞ்சம் கம்மியாவே வச்சு ஏத்தினேன், அது சரியான வேலைதான், அதுல என் மேல குத்தம் இல்ல.

ஆனா அதனால என்னாச்சுன்னா கேசட்டெல்லாம் மெதுவா பாடுது, மத்த பாட்டெல்லாம் சத்தமா பாடுது, அப்பா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் ஆம்ப் குமிழைத் திருப்பணும். முட்டி வலிக்காரரு. சரி, ரீப்ளேகெயின் போட்டுடலாம்னு முடிவு பண்ணேன். தெரியாதவங்களுக்கு: 2001ல டேவிட் ராபின்சன்ங்கறவரு முன்மொழிஞ்ச முறை அது. பாட்டைத் தொடாம, பாட்டு மொத்தமா எவ்வளவு சத்தமா இருக்குன்னு அளந்து, இதைக் கேக்கறப்ப இத்தனை டெசிபெல் ஏத்தணும், இத்தனை இறக்கணும்னு பைல் ஓரத்துல ஒரு குறிப்பு எழுதி வச்சுடும். பிளேயர் அந்தக் குறிப்பைப் படிச்சு, ஒவ்வொரு சாம்பிளையும் அதுக்குத் தகுந்த எண்ணால பெருக்கணும். இப்ப வர்ற சினிமாப் பாட்டெல்லாம் ஏற்கனவே கத்தற கத்தலுக்கு அதுக்கெல்லாம் இறக்கற குறிப்புதான் வரும். அப்பாவோட கேசட்டுக்கு 11 டெசிபெல் ஏத்துன்னு வந்துச்சு. 11 டெசிபெல்னா கிட்டத்தட்ட 3.55 மடங்கு. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

அக்டோபர் கடைசியில போட்டேன், லேப்டாப்ல கேட்டேன், அருமையா இருந்துச்சு, பையில ஏத்தினேன், அன்னைக்கு ராத்திரியே மழை புடிச்சுக்கிச்சு. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில கொட்டுற மழை எங்களுக்கு அவ்வளவு வராது, கோத்தகிரி சைடுக்கு வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சா நவம்பர் முழுக்க துணி காயாது, தீப்பெட்டி பத்தாது, உப்பு தண்ணியாகும். நாலாவது நாள் அப்பா வந்து சொன்னாரு.

"தம்பி, தவில் அடிக்கறப்பெல்லாம் நடுவுல டொர்ருங்குதுடா."

"ஈரம்ப்பா. ஜாக்ல பாசி புடிச்சிருக்கும். துடைச்சுத் தர்றேன்."

இதைச் சொன்னப்ப நான் கீபோர்டுல இருந்து கண்ணைக்கூட எடுக்கல. இதுதான் முதல் தப்பு, கோடு எல்லாம் அப்புறம்.

ஜாக்கைத் துடைச்சேன். உண்மையிலேயே கொஞ்சம் பச்சை கட்டியிருந்துச்சு, அதனால என் தியரி மேல எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. சத்தம் போகல. அடுத்து வோல்டேஜ். எங்க லைன்ல மழைக்காலத்துல ட்யூப் லைட் அழுது அழுதுதான் எரியும், பை 3க்கு 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா மின்னல் படம் போட்டுக் காட்டற வசதி இருக்கு, ஸ்கிரீன் இல்லாததால கமாண்ட் அடிச்சுப் பாத்தேன், பூஜ்யம்னு வந்துச்சு, அப்படின்னா ஆன் பண்ணதுல இருந்து ஒரு தடவைகூட வோல்டேஜ் குறையலைன்னு அர்த்தம். இது தெளிவா வந்த பதில். இருந்தும் புது அடாப்டர் ஆர்டர் பண்ணேன். ஏன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. மேல வர்ற ரோட்டுல மண் சரிஞ்சு கொரியர் ஆறு நாள் லேட்டாச்சு, வந்ததும் மாத்தினேன், டொர்.

அடுத்து பை 3ல இருக்கற 3.5 மி.மீ. ஜாக் மேல சந்தேகம். அது சந்தேகப்பட வேண்டிய ஆள்தான், ஏன்னா அதுக்குள்ள முறையான டிஏசி (எண்ணை ஒலி சிக்னலா மாத்தற சிப்) கிடையாது, பல்ஸோட அகலத்தை மாத்தி மாத்தி ஒலி மாதிரி ஏமாத்தற வேலை, நல்ல ஹெட்போன்ல கேட்டா பின்னாடி சலசலன்னு ஒரு இரைச்சல் இருந்துட்டே இருக்கும். ஒரு யூஎஸ்பி டிஏசி வாங்கினேன். பாட்டு நெசமாவே தெளிவாச்சு, நாதஸ்வரத்தோட மேல் ஸ்தாயி எல்லாம் கண்ணாடி மாதிரி. டொர்ரும் கண்ணாடி மாதிரி தெளிவாக் கேட்டுச்சு.

"முன்னாடியை விட இப்ப நல்லா டொர்ருங்குது"ன்னாரு அப்பா. அவரு கிண்டல் பண்ணல, உள்ளதைச் சொன்னாரு.

அப்புறம்தான் சாப்ட்வேர் பக்கம் திரும்பினேன், அதுவும் தப்பான வாசல்ல. பஃபர், அதாவது சாம்பிளைச் சேத்து வைக்கற இடம், காலியாகுதுன்னு நினைச்சேன். சவுண்ட் கார்டுக்கு நாம தொடர்ந்து சாம்பிளை ஊட்டிட்டே இருக்கணும், ஒரு நொடி அசந்தா அதுக்குத் தீனி இல்லாம டக்குன்னு வெட்டும், சின்னக் கம்ப்யூட்டர்ல இது சகஜம். 2048 ஃபிரேமா இருந்த பஃபரை 16,384 ஆக்கினேன். 46 மில்லி செகண்ட் இருந்தது 371 மில்லி செகண்ட் ஆச்சு. பட்டன் அமுக்கினா பொட்டி யோசிச்சு யோசிச்சுப் பாட ஆரம்பிச்சுது, டொர் அப்படியே இருந்துச்சு. அடுத்து ரீசாம்பிளிங், நொடிக்கு இத்தனை சாம்பிள்ங்கற கணக்கை மாத்தறது. பைல் 44,100, சிஸ்டம் எல்லாத்தையும் கலந்து 48,000ல வெளிய விடுது, அதாவது உள்ள போற ஒவ்வொரு 147 சாம்பிளுக்கும் வெளிய 160 வரணும், அந்தக் கணக்குல எங்கயோ பிசகுதோன்னு நேரா ஹார்ட்வேரையே திறந்து 44,100லயே அனுப்பினேன். டொர்.

இதுல ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆகணும். பன்னண்டு மணி இருக்கும், வீட்டுல எல்லாம் தூங்கியாச்சு, பையில ஹெட்போனைச் சொருகி கண்ணை மூடிக் கேட்டுட்டு இருக்கேன், திடீர்னு கர் கர்னு ஒரு சத்தம், தவிலே இல்லாத இடத்துல. ஆகா, புது ஆதாரம்னு பாஸ் பண்ணிட்டு நேரத்தைக் குறிச்சேன். பாஸ் பண்ண பின்னாடியும் கர் கர்னு கேக்குது. ஹெட்போனைக் கழட்டினா இன்னும் நல்லாக் கேக்குது. ஜன்னல் வழியா பாத்தா கரடி. வாசல்ல அம்மா வச்சிருந்த விளக்கெண்ணெய் டப்பாவைப் புரட்டிட்டு இருக்கு. எங்க ஊர்ல கரடிக்கு எண்ணெய்னா உசுரு, கோயில் கதவை உடைச்சு விளக்கைக் குடிச்சுட்டுப் போற ஜாதி. நான் லைட்டை அணைச்சுட்டு சத்தம் போடாம உக்காந்துட்டேன், அது ஒரு இருபது நிமிசம் இருந்து டப்பாவைக் காலி பண்ணிட்டு தேயிலைக்குள்ள போயிடுச்சு. பக் (புரோகிராம் தப்பு) லிஸ்ட்ல இருந்து அந்த ஒரு என்ட்ரியை அடிச்சேன்.

சரி, நோட்டுக்கு வர்றேன்.

டிசம்பர் முதல் வாரம். அப்பா வர்க்கியை டீயில முக்கிட்டே, "எழுதி வச்சிருக்கேன், பாக்கறியா"ன்னாரு. என்னத்தன்னேன். நீள நோட்டு, எஸ்டேட்ல செக்ரோல் (ஆள் கணக்குப் பதிவேடு) எழுதற மாதிரியே கோடு போட்டு கட்டம் கட்டியிருக்காரு. தேதி, கேசட் நம்பர், எந்தப் பக்கம், நிமிசம், செகண்ட், குறிப்பு. "2 நிமி 14. தவில். டொர், ஒரு தடவை." "2 நிமி 31. தவில். டொர், மூணு தடவை." "5 நிமி 02. குழந்தை அழுகும் இடம். ஒண்ணும் இல்லை." ஒண்ணும் இல்லாத இடத்தையும் எழுதி வச்சிருக்காரு பாருங்க, அதான் கணக்கப்பிள்ளை. முப்பது வருசம் யாரு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாங்கன்னு எழுதின கை, ஒரு கிலோ மாத்தி எழுதினா அடுத்த நாள் காலையில மஸ்டர்ல, அதான் ஆள் எடுக்கற இடத்துல நின்னு கேள்வி கேப்பாங்க. அஞ்சு வாரமா இதை எழுதிட்டு இருந்திருக்காரு. நான் ஈரம் ஈரம்னு சொன்ன நாள்ல இருந்து.

நோட்டை வாங்கி சும்மா ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தினேன், மரியாதைக்குத்தான், பெருசா எதிர்பாத்து இல்ல. மூணாவது கேசட் முதல் பக்கத்தை அவரு நாலு வெவ்வேற நாள் கேட்டிருக்காரு. நாலு நாளும் 2 நிமி 14ல டொர். நாலு நாளும் 2 நிமி 31ல மூணு டொர். மழை பெஞ்ச நாள், பெய்யாத நாள், பழைய அடாப்டர், புது அடாப்டர், டிஏசிக்கு முன்னாடி, பின்னாடி, எல்லா நாளும் அதே செகண்ட்.

எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஈரத்துக்குக் கடிகாரம் தெரியாது. வோல்டேஜ் குறையறதும் பஃபர் காலியாகறதும் நினைச்ச நேரத்துக்கு வர்ற விருந்தாளிங்க, இன்னைக்கு 2.14ல வந்தா நாளைக்கு 3.40ல வரும். தினமும் ஒரே செகண்ட்ல வருதுன்னா அது அந்த பைல்ல இருக்கணும், இல்லைன்னா அந்த பைலை வச்சு என் கோடு போடற கணக்குல இருக்கணும். பைல் சுத்தம், லேப்டாப்ல கேட்டாச்சு. அப்ப மிச்சம் இருக்கறது நான்தான். இந்த ஒரு முடிவுக்கு வர்றதுக்கு எனக்கு வேண்டியிருந்த தகவல் நவம்பர் முதல் வாரத்துலயே ஹால்ல டிவிக்குக் கீழ இருந்திருக்கு.

எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ஊட்டி பக்கம் முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970ல கட்டினது. அதுல எனக்குப் புடிச்ச விசயம், அந்த மலைச்சரிவோட சாய்வு அந்த இடத்தோட அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி இருக்கறதால, சரிவு மேல அப்படியே வடக்கு தெற்கா படுக்க வச்சா கருவியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா வந்துடும், ஒரே அச்சுல திருப்பினாலே வானத்துல ஒரு பொருளை மணிக்கணக்கா தொடர்ந்து பாக்கலாம். அவங்க மலையையே கருவியோட ஒரு பாகமாக்கினாங்க. நான் அதே மலையில உக்காந்துட்டு, பாட்டு கெட்டதுக்கு மலையைக் குறை சொல்லிட்டு இருந்திருக்கேன்.

நோட்டைப் பாத்த அன்னைக்கு ராத்திரியே செஞ்சது ரொம்பச் சாதாரண வேலை, முதல் நாளே செஞ்சிருக்கணும். சவுண்ட் கார்டுக்குப் போற சாம்பிளை எல்லாம் கார்டுக்கு அனுப்பாம ஒரு பைல்ல எழுதுன்னு பொட்டிகிட்ட சொன்னேன். பையில ஒண்ணு, லேப்டாப்ல ஒண்ணு, ஒரே பாட்டு, ஒரே வெர்சன். எட்டு நிமிசப் பாட்டு, மோனோ, 2 கோடியே 11 லட்சத்து 68 ஆயிரம் சாம்பிள். ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சேன். நெறைய இடத்துல ஒண்ணு வித்தியாசம் வந்துச்சு, அது ரவுண்டிங் சமாச்சாரம், விட்டுடலாம். அதைத் தள்ளிட்டுப் பாத்தா ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள்ல மட்டும் நாப்பத்தஞ்சாயிரம், அம்பதாயிரம்னு வித்தியாசம். எங்கன்னு பாத்தா 2 நிமி 14. 2 நிமி 31ல மூணு கொத்து. நோட்டை மடியில வச்சுட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன். ஒண்ணுகூடத் தப்பல. நான் காதுல கண்டுபிடிக்காத ஒரு இடத்தைக்கூட அப்பா எழுதியிருந்தாரு.

ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டர்ல அந்த இடத்தைப் பெருசாக்கிப் பாத்தா வேவ் அழகா மேல ஏறுது, ஏறுது, கூரையைத் தொடுது, அடுத்த சாம்பிள்ல பாதாளத்துல கிடக்குது. 23 மைக்ரோ செகண்ட்ல ஸ்பீக்கர் கோனை உச்சியில இருந்து அடியில இழுக்கச் சொன்னா அது டொர்ருன்னு கத்தாம என்ன பண்ணும்.

இதைப் பாத்ததுமே இந்தத் தொழில்ல இருக்கறவங்க சொல்லிடுவாங்க, ஓவர்ஃப்ளோ, சுத்தி வந்துடுச்சுன்னு. மத்தவங்களுக்கு எங்க ஊர்க் கணக்குல சொல்றேன். கொழுந்து எடை போடற முள்ளு வச்ச வட்டத் தராசு பாத்திருப்பீங்க. வட்டத்துல அம்பது கிலோ வரைக்கும்தான் நம்பர். அம்பத்தி மூணு கிலோ மூட்டையை மாட்டினா என்ன ஆகும்? அம்பதுகிட்ட ஒரு சின்ன ஆணி அடிச்சிருந்தா முள்ளு அதுல முட்டி நின்னுடும், எடை தப்புதான், ஆனா நிறைய இருக்குன்னாவது தெரியும். ஆணி இல்லைன்னா முள்ளு ஒரு சுத்து தாண்டி மூணு கிலோன்னு காட்டும். 16 பிட் சாம்பிளும் அந்தத் தராசுதான், மைனஸ் 32,768ல இருந்து பிளஸ் 32,767 வரைக்கும் நம்பர், அதுக்கு மேல ஒண்ணு கூட்டினா சுத்திட்டு மைனஸ் பக்கம் வந்துடும். அந்த பைல்ல பெரிய தவில் அடி 15,000. அதை 3.55ஆல பெருக்கினா 53,250. தராசு தாங்காது. 65,536 கழிஞ்சு மைனஸ் 12,286ன்னு நிக்குது. உச்சத்துல இருக்க வேண்டிய அடி பள்ளத்துக்குப் போச்சு. நாதஸ்வரம், குழந்தை, கூட்டம் எல்லாம் மெதுவா இருக்கறதால பெருக்கினாலும் தராசுக்குள்ளதான், தவில் மட்டும்தான் தாண்டுது. அதான் தவில் அடிக்கறப்பெல்லாம்னு அப்பா முதல் நாளே சொன்னாரு, முதல் வாக்கியத்துலயே காரணத்தைப் பாதி சொல்லிட்டாரு, நான்தான் பாசின்னு சொல்லிட்டேன்.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சலா இருந்த பாகம், ஆணி அடிக்கணும்னு எனக்குத் தெரியும், அடிச்சும் இருந்தேன். அந்த மூணு வரி என்ன சொல்லுதுன்னா: சாம்பிளைப் பெருக்கி 16 பிட் எண்ணா மாத்து, அது 32,767ஐத் தாண்டினா 32,767ன்னு வை, மைனஸ் 32,768க்குக் கீழ போனா அங்கயே நிறுத்து. படிக்கறப்ப சரியாத்தானே இருக்கு? வரிசைதான் தப்பு. முதல்லயே 16 பிட்டா மாத்திட்டா அதுக்கப்புறம் அது எப்படி 32,767ஐத் தாண்டும்? முள்ளு சுத்தி மூணு கிலோவுல வந்து நின்ன பின்னாடி, அம்பதைத் தாண்டிச்சான்னு கேட்டுட்டு இருக்கேன். தாண்டலையேன்னு அது உண்மையாத்தான் பதில் சொல்லுது. இது நாலு வருசமா தூங்கிட்டு இருந்த பக், ஏன்னா அதுவரைக்கும் பொட்டி வால்யூமைக் குறைக்கத்தான் செய்யும், ஏத்தினதே இல்ல, ஒண்ணுக்கும் மேல பெருக்கல் வந்ததே ரீப்ளேகெயின் போட்ட அன்னைக்குத்தான். புது வேலை போட்ட அன்னைக்கே பக் முழிச்சுது, அன்னைக்கே மழையும் வந்துச்சு, நான் மழையைப் பாத்தேன்.

அப்ப லேப்டாப்ல ஏன் வரல? அது இன்னொரு கூத்து. லேப்டாப் ப்ராசஸர்ல வேகமா ஓடணும்னு எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷன் (ஒரே கட்டளையில பல எண்ணுக்குக் கணக்குப் போடறது) வச்சுத் தனியா ஒரு பாதை எழுதியிருந்தேன். அதுல 32 பிட் எண்ணை 16 பிட்டா அமுக்கற இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு பாருங்க, அது தானாவே ஆணி அடிச்ச தராசு, தாண்டினா உச்சியில நிறுத்திடும். அதனால லேப்டாப்ல 53,250ங்கறது 32,767ஆ நின்னுச்சு. அதுவும் சுத்தம் இல்ல, வேவோட தலையைச் சீவின மாதிரிதான், ஆனா தவில் அடியில ஒரு கண நேரம் தலை சீவினா காதுக்குப் பெருசாத் தெரியாது. பையில இருக்கறது ஏஆர்எம் ப்ராசஸர், அதுக்கு எஸ்எஸ்இ2 கிடையாது, அதுக்குன்னு தனிப் பாதை அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன், அதனால அது அந்த மூணு வரி பாதையில போச்சு. நான் டெஸ்ட் பண்ணதெல்லாம் ஒரு பாதை, அப்பா கேட்டதெல்லாம் வேற பாதை. என் மிசின்ல சரியாத்தானே இருக்குன்னு நான் சொன்னது பொய் இல்ல, ஆனா என் மிசின்ல ஓடினது அந்தக் கோடே இல்ல. இதுல இன்னொரு விசயம், எல்லைக்கு வெளிய இருக்கற ஃப்ளோட் (தசம) எண்ணை முழு எண்ணா மாத்தினா என்ன ஆகும்னு சி லாங்குவேஜ் ஒரு உத்தரவாதமும் தர்றதில்ல, சுத்தி வந்தது பையில நடந்த கதை, வேற கம்பைலர்ல (கோடை மிசின் பாஷைக்கு மாத்தற புரோகிராம்) வேற மாதிரி ஆயிருக்கலாம்.

அசிங்கம் இதோட முடியல. ஒரு சந்தேகத்துக்கு கம்பைலரோட கூடுதல் எச்சரிக்கையை எல்லாம் ஆன் பண்ணிட்டுத் திரும்பக் கம்பைல் பண்ணேன். அந்த வரிக்கு நேரா வந்து நிக்குது: இந்த ஒப்பீடு எப்பவும் பொய்தான், இந்த டைப்புக்குள்ள அவ்வளவு பெரிய எண் வராதுங்கற அர்த்தத்துல. நாலு வருசமா சொல்லிட்டு இருந்திருக்கும். வெளிய இருந்து எடுத்துப் போட்ட ஒரு லைப்ரரி (வேற ஆள் எழுதின கோடு) பக்கம் பக்கமா எச்சரிக்கை கொட்டுதுன்னு நான்தான் அந்த ஆப்ஷனையே எடுத்து விட்டிருக்கேன். ஆக ரெண்டு பேரு தெளிவாச் சொன்னாங்க, ரெண்டு பேரையும் வாயை மூடுன்னுட்டேன்.

சரிபண்ணது சின்ன வேலை. ஃப்ளோட்டா இருக்கறப்பவே எல்லையில நிறுத்து, அப்புறம் 16 பிட்டா மாத்து. வரியை இடம் மாத்தினதுதான், பத்து செகண்ட். பையில ஏத்தினேன், டொர் போச்சு. ஆனா ஹெட்போன்ல கேட்டா தவில் கொஞ்சம் தட்டையா இருக்கு. இருக்காதா பின்ன, 53,250 உயரம் போக வேண்டியதை 32,767ல வெட்டறோம். முன்னாடி மலை தலைகீழா இருந்துச்சு, இப்ப உச்சியில மைதானம். சினிமாப் பாட்டா இருந்தா விட்டிருப்பேன், இது அப்பா ஸ்டூல் போட்டு ரெக்கார்ட் பண்ணது, அந்த செட்டுல தவில் வாசிச்சவரு இப்ப உயிரோட இல்ல.

அதுக்கும் வழி ஏற்கனவே இருந்துச்சு. ரீப்ளேகெயின் குறிப்புல எத்தனை டெசிபெல்ங்கறதோட சேத்து, இந்தப் பாட்டுல இருக்கற பெரிய சாம்பிள் எவ்வளவுங்கறதும் இருக்கும். நான் அதைப் படிச்சுத் தூரப் போட்டுட்டு இருந்தேன். அந்த உச்சத்தை வச்சு, எவ்வளவு பெருக்கினா கூரையை இடிக்காதோ அதுவரைக்கும் மட்டும் பெருக்குன்னு மாத்தினேன். 15,000த்துக்கு 2.18 மடங்கு வரைக்கும்தான் இடம் இருக்கு, அதாவது 11 டெசிபெல் கேட்ட பாட்டுக்கு 6.8 தான் கிடைக்கும். நாலு டெசிபெல் சத்தம் கம்மி, ஆனா தவில் முழு உயரத்துல அடிக்கும். சிலர் இதுக்குப் பதிலா லிமிட்டர் போடுவாங்க, உச்சி வர்றப்ப மட்டும் மெல்ல அமுக்கி மத்த நேரம் சத்தமா விடறது. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. தவில்னா அந்த முதல் அடியோட கூர்மைதான், அதை மழுக்கிட்டு மிச்சத்தை சத்தமா கேட்டு என்ன புண்ணியம், ஆம்ப்ல குமிழ் எதுக்கு இருக்கு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா மூணாவது கேசட்டை முழுசாப் போட்டுக் கேட்டாரு. நோட்டும் பேனாவும் கையில. நான் சமையல்கட்டுல நின்னு எட்டிப் பாத்துட்டு இருந்தேன், 2 நிமி 14 வந்துச்சு, தவில் சுளீர்னு அடிச்சுது, அவரு ஒண்ணும் எழுதல. 2.31, ஒண்ணும் எழுதல. குழந்தை அழுதுச்சு. பக்கம் முடிஞ்சதும், "இப்ப செட்டு வந்து நிக்குதுடா"ன்னாரு. அப்புறம், "ஆனா சத்தம் கம்மியா இருக்கே, ஏத்தி விடு"ன்னாரு.

"ஆம்ப்ல குமிழைத் திருப்புங்கப்பா, ஒரு தடவை வச்சா போதும், இனி மாத்த வேண்டாம்."

எந்திரிச்சுப் போய் திருப்பினாரு. கர்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், ரெண்டு ஸ்பீக்கர்லயும்.

ஓடிப் போய்ப் பாத்தேன். பாட்டை நிறுத்திட்டுத் திருப்பினாலும் கர்ர். பையைப் புடுங்கிட்டுத் திருப்பினாலும் கர்ர். குமிழுக்குள்ள இருக்கற பொட்டன்ஷியோமீட்டர், கார்பன் தடத்துல ஈரமும் தூசியும் ஏறிக்கிட்டு காண்டாக்ட் சரியா புடிக்கல. இந்தத் தடவை நெசமாவே ஈரம். நான் சொன்னேன், அப்பா, இது ஈரம்ப்பா. அவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுதினாரு: "குமிழ். திருப்பும்போது மட்டும். ஈரம் என்று சொல்கிறான்."

காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கோத்தகிரியில ரெண்டு கடையில கேட்டேன், இல்ல. அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் இறங்கறப்ப வாங்கணும்.